கல்லூரி ஃபுட்பால்: நட்சத்திரங்கள், டிரான்ஸ்ஃபர், குவாட்டர்பேக் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் டிசம்பர் பிறந்தால் ரசிகர்களுக்குள் மூன்று வாக்குவாதங்கள் ஒன்றாகக் கிளம்பும். நம் ரெக்ரூட்டிங் வகுப்புக்கு (அந்த ஆண்டு பள்ளியிலிருந்து சேர்க்கும் வீரர்களின் தொகுப்பு) எத்தனையாவது இடம்? போர்ட்டலிலிருந்து, அதாவது கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியலிலிருந்து, யாரைக் கொண்டுவர வேண்டும்? அடுத்த சீசனில் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) யார்? ஒன்றை மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்: ஒரு கூட்டத்தைப் பற்றித் தரவரிசை சொல்வதைத் தாராளமாக நம்பலாம். ஒரே ஒரு பையனைப் பற்றி, அதிலும் ஒரு குவாட்டர்பேக்கைப் பற்றிச் சொல்வதை அந்த அளவுக்கு நம்பக்கூடாது. கீழே வரும் பதில்களில் பலவும் இங்கிருந்து கிளைத்தவைதான்.

பள்ளி வீரர்களுக்கு நட்சத்திரங்களை யார் தருகிறார்கள்? எதை வைத்து?

247ஸ்போர்ட்ஸ், ஈஎஸ்பிஎன், ரைவல்ஸ் ஆகிய நிறுவனங்களின் மதிப்பீட்டாளர்கள் தருகிறார்கள். ஆன்3 தனியாகத் தொடங்கி, 2025-ல் ரைவல்ஸை வாங்கித் தன்னோடு இணைத்துக்கொண்டது. பள்ளி ஆட்டங்களின் காணொளி, கோடைகால முகாம்கள், எலைட் 11 போன்ற குவாட்டர்பேக் போட்டிகள், உயரம், எடை, கை நீளம், தடகள நேரங்கள் எல்லாம் கணக்கில் வரும்.

247ஸ்போர்ட்ஸ் தன் சொந்த மதிப்பெண்ணில் 98-க்கு மேல் ஐந்து நட்சத்திரம், 90 முதல் 97 வரை நான்கு, 80 முதல் 89 வரை மூன்று என்று வைத்திருக்கிறது. ஓர் ஆண்டின் இறுதிப் பட்டியலில் ஐந்து நட்சத்திரக்காரர்கள் ஏறத்தாழ 32 பேர். தொழில்முறை லீக்கான என்எஃப்எல் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் 32 இடங்கள் இருப்பதே அதற்குக் காரணம். ஆகவே ஐந்து நட்சத்திரம் என்றால் ‘இவன் முதல் சுற்றில் எடுக்கப்படக்கூடியவன்’ என்ற கணிப்பு. முதல் ஆண்டே களத்தில் இறங்கி ஜெயித்துக் கொடுப்பான் என்ற வாக்குறுதி அதில் இல்லை. ரசிகர்களின் ஏமாற்றத்தில் பெரும்பங்கு இதைக் கலந்து குழப்புவதால் வருகிறது.

காம்போசிட் எண் 0.9412 என்கிறார்களே, அது என்ன?

பல நிறுவனங்களின் மதிப்பீடுகளைச் சேர்த்து 247ஸ்போர்ட்ஸ் போடும் கூட்டு எண். உச்சம் 1.0000. சுமார் 0.89-லிருந்து நான்கு நட்சத்திரம், 0.98-ஐத் தாண்டினால் ஐந்து. வின்ஸ் யங், ஜடேவியன் க்ளவுனி, க்வின் ஈவர்ஸ் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே முழு 1.0000 பெற்றவர்கள்.

ஒரு தளம் மட்டும் ஒருவனைத் தூக்கிப் பிடித்திருந்தால் கூட்டு எண் அதைச் சமன் செய்துவிடும் என்பது இதன் பலம். பட்டியலின் நடுப்பகுதியில் வேறுபாடு மிக மெல்லியது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 180-ஆம் இடத்துக்கும் 260-ஆம் இடத்துக்கும் நடுவில் சண்டை போட எதுவும் இல்லை. முதல் 30 பேருக்கும் 300-ஆம் இடத்துக்கும் உள்ள இடைவெளிதான் பொருட்படுத்த வேண்டியது.

எங்கள் அணி 28 பேரைச் சேர்த்தது, அவர்கள் 19 பேர்தான். ஆனாலும் அவர்கள் ஏன் மேலே?

247ஸ்போர்ட்ஸின் அணித் தரவரிசை வெறும் கூட்டல் கிடையாது. அணியில் சேர்ந்தவர்களைச் சிறந்தவர் முதல் வரிசைப்படுத்தி, மணி வடிவ வளைகோட்டின்படி கீழே போகப்போக எடையைக் குறைக்கிறார்கள். முதல் நான்கு பேருக்கு ஏறக்குறைய முழு மதிப்பு கிடைக்கும். பத்தாவது ஆளுக்குச் சுமார் 60 சதவீதம், இருபதாவது ஆளுக்குச் சுமார் 10 சதவீதம். இருபத்தைந்தைத் தாண்டியவர் சேர்ப்பது அற்பம். எனவே பத்து மூன்று நட்சத்திரக்காரர்களைக் கடைசியில் அள்ளிப் போட்டுத் தரவரிசையில் ஏற முடியாது.

அதேசமயம் 14 பேர் மட்டும் சேர்ந்த சிறிய வகுப்பு, எவ்வளவு தரமாக இருந்தாலும், இந்தக் கணக்கில் கீழே தள்ளப்படும். போர்ட்டலை நம்பிப் பள்ளி வீரர்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் அணிகளுக்கு இப்போது இதுதான் நடக்கிறது. மொத்தப் புள்ளிக்குப் பக்கத்தில் ‘ஒரு வீரருக்கான சராசரி’ இருக்கும். சிறிய வகுப்பை அதைக் கொண்டு பாருங்கள். டிரான்ஸ்ஃபர் தரவரிசை தனி. ஒருவனின் டிரான்ஸ்ஃபர் மதிப்பெண் அவன் கல்லூரியில் ஆடியதை வைத்துப் புதிதாகப் போடப்படுவது. பள்ளிக்காலத்தில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவனை டிரான்ஸ்ஃபராகும்போதும் ‘ஐந்து நட்சத்திரம்’ என்று அழைப்பது பழைய விலைச்சீட்டைக் காட்டி விற்பது போல.

தரவரிசை உண்மையிலேயே கோப்பையைச் சொல்கிறதா?

பெருமளவு சொன்னது, நீண்ட காலம். ரெக்ரூட்டிங் செய்தியாளர் பட் எலியட் உருவாக்கிய ‘ப்ளூ சிப் விகிதம்’ இதற்கு நல்ல அளவுகோல். கடைசி நான்கு ரெக்ரூட்டிங் வகுப்புகளை எடுத்து, அதில் நான்கு, ஐந்து நட்சத்திரக்காரர்கள் எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். டிரான்ஸ்ஃபராக வந்தவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். 50 சதவீதத்தைத் தாண்டாத அணி தேசியச் சாம்பியன் ஆனதில்லை என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. 2016 க்ளெம்சனும் 2023 மிச்சிகனும் அந்தக் கோட்டைக் கொஞ்சமே தாண்டியவை; ஆனாலும் தாண்டியவை.

2025 சீசனில் இண்டியானா அதை உடைத்தது. பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டியின் அணி 16-0 என்று முடித்து, இறுதியாட்டத்தில் மயாமியை 27-21 என்று வென்றது. கோட்டுக்கு வெகு கீழே இருந்த அணி அது.

இதை வைத்து ‘நட்சத்திரம் எல்லாம் வெறும் வியாபாரம்’ என்று சொன்னால் தவறு. தான் முன்பு வேலை செய்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து தன் முறையை அறிந்த 13 வீரர்களை 2024-ல் சிக்னெட்டி அழைத்து வந்தார். அவர்களில் முக்கியமானவர்கள் 2025-லும் ஆடினார்கள். 22, 23 வயது, பல சீசன் அனுபவம், ஒரே பயிற்சியாளரின் கீழ் தொடர்ச்சி. பள்ளி நட்சத்திரம் கணிக்க முயல்வது இந்த முதிர்ச்சியைத்தான். இண்டியானா அதை முதிர்ந்த பின்பு நேரடியாக எடுத்துக்கொண்டது.

எதிர்ப்பக்கத்தில் டெக்சஸ் ஏ அண்ட் எம். 2022-ல் அவர்கள் சேர்த்தது அதுவரை இல்லாத அளவு உயர்ந்த மதிப்பெண் பெற்ற வகுப்பு. அந்த சீசனில் அவர்களின் கணக்கு 5-7. காரணம் எளிது: 18 வயதுப் பையன்கள் அந்த ஆண்டே ஆட்டத்தைத் திருப்புவதில்லை. ஒரு வகுப்பின் பலன் இரண்டாம், மூன்றாம் ஆண்டில்தான் தெரியும். அதற்குள் அந்த வகுப்பில் பலர் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். ஒரு வகுப்பை மதிப்பிட வேண்டுமென்றால் கையெழுத்து நாளில் (வீரர்கள் ஒப்பந்தம் போடும் நாள்) கிடைத்த இடத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். 24 மாதம் கழித்து அதில் எத்தனை பேர் அங்கேயே இருக்கிறார்கள், எத்தனை பேர் முதல் இரண்டு வரிசைக்குள் (தொடக்க வீரர், அவருக்கு மாற்று) ஆடுகிறார்கள் என்று எண்ணுங்கள்.

என்எஃப்எல்-லில் மூன்று நட்சத்திரக்காரர்கள்தானே அதிகம்? அப்படியானால் நட்சத்திரம் பொய்தானே?

இந்த வாதம் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலில் டிராஃப்ட் முடிந்ததும் வரும். எண்ணிக்கையையும் வாய்ப்பையும் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும். எடுத்துக்காட்டுக்காக மட்டும் ஒரு கணக்கு: ஐந்து நட்சத்திரக்காரர் 32 பேரில் பாதிப் பேர் டிராஃப்ட் ஆனால் 16. மூன்று நட்சத்திரக்காரர் 2,000 பேரில் நூற்றுக்கு ஐந்து பேர் ஆனால் 100. நூறு பெரிது, ஆனால் ஒருவனுக்கான வாய்ப்பு பத்தில் ஒரு பங்குதான். பயிற்சியாளர் கையில் இருப்பது குறைந்த இடங்கள். அவருக்கு வேண்டியது வாய்ப்பு.

சரி, குவாட்டர்பேக்குகளில் மட்டும் கணிப்பு ஏன் இவ்வளவு பிசகுகிறது?

ஒரே நேரத்தில் ஒருவன்தான் ஆட முடியும் என்பது முதல் காரணம். நல்ல ஆஃபென்சிவ் லைன் வீரர் (முன்வரிசையில் நின்று எதிரிகளைத் தடுப்பவர்) எட்டுப் பேர் இருந்தால் சுழற்சியில் ஆடுவார்கள். நல்ல குவாட்டர்பேக் மூன்று பேர் இருந்தால் இருவர் உட்கார வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். 2023 வகுப்பின் ஐந்து நட்சத்திரக் குவாட்டர்பேக்குகளைப் பாருங்கள்: ஆர்ச் மேனிங், நிக்கோ யாமலியாவா, மாலக்காய் நெல்சன், டான்டே மூர், ஜாக்சன் ஆர்னால்ட். முதலில் சேர்ந்த கல்லூரியிலேயே தங்கியவர் மேனிங் மட்டும். மற்ற நால்வரும் இடம் மாறினார்கள். மூர் யுசிஎல்ஏ-விலிருந்து ஆரெகனுக்குப் போய், ஓர் ஆண்டு உட்கார்ந்து, பிறகு நன்றாக ஆடினார். நெல்சன் யுஎஸ்சி-யிலிருந்து பாய்ஸி ஸ்டேட், அங்கிருந்து யுடெப்.

இரண்டாவது காரணம், பள்ளியில் தெரியும் திறமை வேறு, கல்லூரியில் கேட்கப்படும் திறமை வேறு. முகாமில் அரைக்கால்சட்டையோடு எறிவதில் கை வலிமையும் அசைவும் தெரியும். எதிரி வரிசை மேலே விழ வரும்போது 2.5 விநாடியில் எங்கே பார்க்கிறான் என்பது தெரியாது. ஏழுக்கு ஏழு ஆட்டங்களில் தாக்க வரும் வரிசையே இல்லை.

மூன்றாவது, பள்ளியின் ஆட்டமுறையே ஒருவனை மறைத்துவிடும். கேம் வார்ட் படித்த டெக்சஸ் பள்ளி, பந்தை எறியாமல் ஓடியே ஆடும் விங்-டி முறையில் ஆடியது. அதனால் எந்தப் பெரிய கல்லூரியும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. இன்கார்னேட் வேர்ட், பிறகு வாஷிங்டன் ஸ்டேட், பிறகு மயாமி. 2025 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். ஃபெர்னான்டோ மெண்டோசா யேல் பல்கலைக்கழகத்துக்குக் கமிட் ஆகியிருந்தவர் (சேர்வதாக வாய்வார்த்தை தந்தவர்). கடைசியில் கலிஃபோர்னியா பெர்க்லி இடம் கொடுத்தது. அங்கிருந்து இண்டியானாவுக்கு வந்து ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை 2025-ல் வென்றார்.

2017 முதல் 2025 வரை ஹைஸ்மன் வென்ற குவாட்டர்பேக்குகளில் பேக்கர் மேஃபீல்ட், கைலர் மரே, ஜோ பர்ரோ, கேலப் வில்லியம்ஸ், ஜேடன் டேனியல்ஸ், மெண்டோசா ஆகிய அறுவரும் கல்லூரி மாறியவர்கள். மாறாமல் வென்றவர் அலபாமாவின் ப்ரைஸ் யங் ஒருவர்தான். 2024 சீசனின் இறுதியாட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட்டின் வில் ஹவர்ட் கான்சஸ் ஸ்டேட்டிலிருந்தும் நோட்ர டேமின் ரைலி லெனர்ட் டியூக்கிலிருந்தும் வந்தவர்கள். அடுத்த சீசனின் இறுதியிலும் மெண்டோசா, ஜார்ஜியாவிலிருந்து மயாமிக்கு வந்த கார்சன் பெக் என்று இருவருமே டிரான்ஸ்ஃபர்கள். பள்ளி நட்சத்திரத்தை வைத்துக் குவாட்டர்பேக் விவாதத்தை முடிக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

கமிட் ஆன பையன் எப்படி வேறு அணிக்குத் தாவுகிறான்?

கமிட்மென்ட் என்பது வாய்வார்த்தை. இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது. கையெழுத்துதான் கட்டும். 2017 முதல் டிசம்பரில் முன்கையெழுத்துக் காலம் இருக்கிறது. 2024-லிருந்து அது டிசம்பர் முதல் வாரத்துக்கு வந்துவிட்டது. பிப்ரவரியின் முதல் புதன்கிழமை பழைய கையெழுத்து நாள். ‘நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ முறை 2024 அக்டோபரில் கைவிடப்பட்டது. இப்போது கல்லூரியின் உதவித்தொகை ஒப்பந்தமே அந்த இடத்தில் இருக்கிறது.

‘ஆஃபர்’ பட்டியலைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். 20 கல்லூரிகள் ஆஃபர் கொடுத்ததாகப் பையன் பதிவிடுவான். அதில் ‘இன்று சரி என்றால் இன்றே இடம் உண்டு’ என்பவை சிலதான். மற்றவை, முதல் விருப்பமானவன் கைவிட்டால் கூப்பிடுகிறோம் என்ற வகை. அதிகாரபூர்வ வருகைக்கு யார் அழைத்தார்கள், தலைமைப் பயிற்சியாளரே நேரில் பள்ளிக்கு வந்தாரா என்பவை நம்பகமான அடையாளங்கள்.

டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் எப்படி வேலை செய்கிறது?

2018 அக்டோபர் 15-ல் தொடங்கிய தரவுத்தளம் அது. அனுமதிக்கப்பட்ட நாட்களுக்குள் வீரர் தன் கல்லூரியின் விதிமுறை அலுவலகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். அலுவலகம் இரண்டு வேலை நாட்களுக்குள் பெயரை ஏற்ற வேண்டும். ஏறிய பிறகே மற்றப் பயிற்சியாளர்கள் அவரிடம் பேசலாம். அதற்கு முன் பேசுவது விதிமீறல். ‘தொடர்புகொள்ள வேண்டாம்’ என்ற குறிப்போடு ஒரு பெயர் ஏறினால், போக வேண்டிய இடம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்று ரசிகர்கள் புரிந்துகொள்வார்கள். பெரும்பாலும் அது சரிதான். பெயரைத் திரும்பப் பெறலாம், ஆனால் பழைய கல்லூரி அவரை மீண்டும் ஏற்கும் கட்டாயம் இல்லை. உதவித்தொகையும் அந்தப் பருவத்தோடு நிற்கலாம்.

2021 ஏப்ரலில், ஒருமுறை மாறினால் ஓராண்டு உட்கார வேண்டியதில்லை என்ற விதி வந்தது. 2024 ஏப்ரலிலிருந்து படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம்.

நாட்கள் அடிக்கடி மாறியிருக்கின்றன. முன்பு டிசம்பரில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று. 2026 முதல் ஜனவரி 2 தொடங்கி 16 வரை ஒரே ஒரு காலம். இறுதியாட்டம் வரை போகும் அணிகளுக்கு மட்டும் அதன்பின் சில நாட்கள் கூடுதல். தலைமைப் பயிற்சியாளர் மாறினால், புதியவர் வந்து ஐந்து நாள் கழித்து 15 நாள் தனிக் காலம் திறக்கும். இந்த நாட்கள் பெயர் ஏற்றுவதற்கான கெடு. புதிய கல்லூரியைத் தேர்ந்தெடுக்க அது கெடு கிடையாது. 16-ஆம் தேதி முடிந்தவுடன் ‘யாரும் வரவில்லையே’ என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

உண்மையான கெடு, புதிய பல்கலைக்கழகத்தில் வகுப்பில் சேரும் கடைசி நாள். ஒப்பந்தம் பேசி முடித்தபின் கெட்டுப்போவது அநேகமாக இங்கேதான்: பழைய பாடங்களின் மதிப்பெண்கள் ஏற்கப்படுவதில்லை, சேர்க்கை அலுவலகம் மறுக்கிறது. ஸ்டான்ஃபர்ட், நோட்ர டேம் போன்ற இடங்களில் பட்டம் முடிக்காத வீரர் உள்ளே வருவது கடினம். அங்கே பட்டம் முடித்துவிட்டு வருபவர்களே அதிகம்.

ஏப்ரல் காலம் ஒழிந்ததால் குவாட்டர்பேக் போட்டியில் என்ன மாறும்?

நிறைய. முன்பு வசந்தகாலப் பயிற்சி முடிவில் பயிற்சியாளர் ஒருவரை முதல்வர் (ஆட்டத்தைத் தொடங்குபவர்) என்று அறிவித்தால், தோற்றவர் ஏப்ரலிலேயே கிளம்பிவிடுவார். அதனால் பலரும் ஆகஸ்ட் வரை அறிவிக்காமல் இழுத்தார்கள். இனி ஜனவரி 16 தாண்டினால் இரண்டாமவர் அந்த சீசன் முழுக்க அங்கேதான். ஆகவே போட்டி உண்மையில் டிசம்பரிலேயே நடக்கிறது, சொல்லாமல். ஜனவரியில் ஓர் அணி அனுபவமுள்ள குவாட்டர்பேக்கை எடுத்தால், ஏற்கெனவே உள்ளவனைப் பற்றிய தீர்ப்பு வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

போர்ட்டலிலிருந்து வரும் குவாட்டர்பேக்கை எப்படி எடைபோடுவது?

பெரும்பாலானோர் மொத்த யார்டு, டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிச் சேர்ப்பது) இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு கட்டுகிறார்கள். அது போதாது.

முதலில் எத்தனை ஆட்டங்களைத் தொடங்கினார் என்று பாருங்கள். 20-க்கு மேல் என்றால் காணொளியே பதில் சொல்லும். ஐந்தாறு என்றால் அது இன்னமும் பள்ளி மதிப்பீடுதான்.

அடுத்து ஓர் எறிதலுக்கு எத்தனை யார்டு. கல்லூரி விளையாட்டின் பாஸர் ரேட்டிங் (எறிபவருக்கான மதிப்பெண்) சூத்திரத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: யார்டு × 8.4, டச்டவுன் × 330, முடிந்த எறிதல் (தன் அணி வீரர் பிடித்தது) × 100 மூன்றையும் கூட்டி, இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்த எறிதல்) × 200 கழித்து, மொத்த எறிதல்களால் வகுக்க வேண்டும். 2019-ல் எல்எஸ்யு-வின் பர்ரோ 527 எறிதலில் 402 முடித்து, 5,671 யார்டு, 60 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன். போட்டுப் பார்த்தால் 202 வரும். இந்தச் சூத்திரத்தில் டச்டவுனுக்கு எடை அதிகம். கோல் கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால் எறிந்து டச்டவுன் எடுக்கும் அணியின் குவாட்டர்பேக், அதே இடத்தில் ஓடி எடுக்கும் அணியின் குவாட்டர்பேக்கைவிடச் சிறந்தவராகத் தெரிவார். சேக், அதாவது எறியுமுன் குவாட்டர்பேக்கை எதிரணி வீழ்த்துவது, இந்தச் சூத்திரத்தில் வரவே வராது.

சேக்கைத் தனியே கவனிக்க வேண்டும். கல்லூரிப் புள்ளிவிவரத்தில் சேக்கில் இழந்த யார்டு ஓட்டக் கணக்கில் கழிக்கப்படும். ‘10 ஓட்டம், 20 யார்டு’ என்று இருப்பவர் மூன்று சேக்கில் 25 யார்டு இழந்திருந்தால், உண்மையில் 7 ஓட்டத்தில் 45 யார்டு ஓடியவர். ஓடத் தெரியாதவன் என்று முத்திரை குத்துமுன் இதைப் பிரித்துப் பாருங்கள்.

சேக்குக்கு லைனையே எப்போதும் குறை சொல்வதும் சரியில்லை. அழுத்தம் வந்த தடவைகளில் எத்தனை சேக்காக முடிந்தது என்ற விகிதம் பெருமளவு குவாட்டர்பேக்கின் குணம். லைன் மாறினாலும், கல்லூரி மாறினாலும் அது கூடவே வரும். பந்தை வைத்துக்கொண்டு நான்கு விநாடி சுற்றுபவருக்கு எந்த லைனும் போதாது. மறுபக்கம், கொலராடோவில் 2023-ல் ஷெடர் சாண்டர்ஸ் 50 முறைக்கு மேல் சேக் ஆனார். அங்கே இரண்டும் கலந்திருந்தன. எறிதலுக்கு எடுத்துக்கொண்ட சராசரி நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் யார் பக்கம் எவ்வளவு என்று பிடிபடும்.

பிறகு எதிரணி. சிறிய மாநாட்டிலிருந்து (கல்லூரிகள் தங்களுக்குள் ஆடும் லீக்) வருபவர் என்றால், அவர் பெரிய அணிகளோடு ஆடிய இரண்டு மூன்று ஆட்டங்களை முழுதாகப் பாருங்கள், சிறப்புக் காட்சிகளை மட்டும் பார்க்காதீர்கள். மூன்றாம் டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) எட்டு யார்டுக்கு மேல் வேண்டிய நேரத்தில் என்ன செய்கிறார்? முதல் குறி மூடியிருந்தால் இரண்டாவதைத் தேடுகிறாரா, ஓடிவிடுகிறாரா? ஸ்கிரீன் பாஸ்களை (எளிய, மிகக் குறுகிய எறிதல்களை) நீக்கினால் அவர் கணக்கு எப்படி இருக்கிறது?

முதல் ஆண்டிலேயே தீர்ப்பும் சொல்லாதீர்கள். பர்ரோ ஒஹாயோ ஸ்டேட்டிலிருந்து எல்எஸ்யு வந்த முதல் சீசனில், 2018-ல், எறிந்த டச்டவுன் 16 மட்டும். அடுத்த ஆண்டு உதவிப் பயிற்சியாளராக ஜோ ப்ரேடி வந்து எறிதல் முறையைத் திருத்தினார், உள்ளே நல்ல ரிசீவர்கள் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்கள்) முதிர்ந்தார்கள். 60 டச்டவுனும் 15-0 சீசனும் அதன் பிறகு வந்தவை.

மதிப்பு அதிகமுள்ளவனை உட்காரவைத்து, வாக்-ஆனை ஆடவிடுகிறார்களே?

ஜார்ஜியாவின் ஸ்டெட்சன் பென்னட் விவகாரத்தை விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் இதே வாதம் ஒவ்வோர் அணியிலும் திரும்ப வருகிறது. பென்னட் வாக்-ஆன், அதாவது உதவித்தொகை இல்லாமல் சேர்ந்தவர். ஓர் ஆண்டு ஜூனியர் கல்லூரிக்குப் போய்த் திரும்பினார். 2021-ல் முதல்வராகத் தொடங்கியவர் யுஎஸ்சி-யிலிருந்து வந்த முன்னாள் ஐந்து நட்சத்திரம் ஜேடி டேனியல்ஸ். டேனியல்ஸுக்குக் காயம், பென்னட் இறங்கினார். எஸ்இசி மாநாட்டின் இறுதியில் அலபாமா 41-24 என்று அடித்தபோது டேனியல்ஸைக் கொண்டுவரச் சொல்லி ரசிகர்கள் பெருங்குரல் எழுப்பினார்கள். பயிற்சியாளர் கர்பி ஸ்மார்ட் மாற்றவில்லை. 2022 ஜனவரி 10-ல் தேசிய இறுதியில் அதே அலபாமாவை 33-18 என்று வென்றார்கள். அடுத்த ஆண்டு டிசியு-வை 65-7.

பயிற்சியாளர் தினமும் பார்ப்பதும் நாம் சனிக்கிழமை பார்ப்பதும் ஒன்றல்ல. லைனின் பாதுகாப்பு அமைப்பைச் சரியாக மாற்றிச் சொல்கிறானா, பந்தைக் கை நழுவவிடாமல் வைத்திருக்கிறானா, மோசமான அழைப்பை எறியாமல் வெளியே போட்டுவிடுகிறானா, இவையெல்லாம் பயிற்சியில் நூற்றுக்கணக்கான முறை அளக்கப்படுகின்றன. உலகத்தரமான டிஃபென்ஸ் உள்ள அணிக்குப் பெரிய கையைவிடப் பந்தை இழக்காத கை பெறுமதியானது. 2021 ஜார்ஜியாவுக்கு அப்படி ஒரு டிஃபென்ஸ் இருந்தது. பலவீனமான டிஃபென்ஸ் உள்ள அணி அதே பென்னட் பாணியை எடுத்தால் 31-20 என்று தோற்கும். அதனால்தான் ‘ஜார்ஜியா செய்ததே, நாமும் செய்வோம்’ என்பது எல்லா அணிக்கும் பொருந்தாது.

அப்படியானால் எப்போது மாற்ற வேண்டும்?

தற்போதையவரால் எட்ட முடியாத உயரம் அணிக்குத் தேவைப்படும்போது. 2018 ஜனவரி 8, ஜார்ஜியாவுக்கு எதிரான இறுதியில் அலபாமா இடைவேளையில் 13-0 என்று பின்தங்கியிருந்தது. பயிற்சியாளர் நிக் சேபன் ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்து முதலாண்டு டுவா டாகோவைலோவாவை இறக்கினார். கூடுதல் நேரத்தில் 26 யார்டு தேவைப்பட்ட இரண்டாம் டவுனில் 41 யார்டு டச்டவுன், 26-23. ஹர்ட்ஸ் மோசமானவர் என்பதற்காக நடந்த மாற்றம் அல்ல இது. நீளமான எறிதல் இல்லாமல் அந்த டிஃபென்ஸைத் திறக்க முடியவில்லை.

மாற்றத்துக்கு விலை உண்டு. 2018-ல் நான்கு ஆட்டம் முடிந்ததும் க்ளெம்சன் ட்ரெவர் லாரன்ஸை முதல்வராக்கியது. நான்கு ஆட்டத்துக்குள் நின்றால் அந்த ஆண்டு தகுதிக் கணக்கில் (கல்லூரியில் ஆடக் கிடைக்கும் ஆண்டுகளில்) சேராது என்ற ரெட்ஷர்ட் விதி அப்போதுதான் வந்திருந்தது. கெல்லி ப்ரையன்ட் அதைப் பயன்படுத்தி வெளியேறினார். அடுத்த சனிக்கிழமையே சிரக்யூஸ் ஆட்டத்தில் லாரன்ஸ் காயமடைய, மூன்றாமவர் சேஸ் ப்ரைஸ் வந்து 27-23 என்று காப்பாற்றினார். க்ளெம்சன் 15-0 என்று முடித்ததால் எல்லாரும் இதை மறந்துவிட்டார்கள். இரண்டாம் குவாட்டர்பேக்குக்குச் செலவழிப்பது வீண் என்பவர்கள் 2014 ஒஹாயோ ஸ்டேட்டையும் பார்க்கட்டும்: ப்ராக்ஸ்டன் மில்லர், ஜேடி பாரெட் இருவரும் காயமடைய, மூன்றாமவர் கார்டேல் ஜோன்ஸ் விஸ்கான்சின், அலபாமா, ஆரெகன் என்று வரிசையாக வென்று கோப்பையைக் கொண்டுவந்தார்.

வசந்தகால ஆட்டத்தில் நன்றாக எறிந்தானே?

குவாட்டர்பேக்கைத் தொடக்கூடாது என்ற விதியில் அணி தனக்குள்ளேயே ஆடும் பயிற்சி ஆட்டம் அது. எளிமையான டிஃபென்ஸ், பாதி வீரர்கள் காயத்தில். முதல் வரிசையோடு யார் அதிக முறை இறங்கினார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பணம் இதில் எவ்வளவு?

2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயர், உருவத்தால் சம்பாதிக்கலாம். இதையே என்ஐஎல் என்கிறார்கள். 2025 ஜூன் 6-ல் நீதிபதி க்ளாடியா வில்கன், வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்தை ஏற்றார். அந்த ஜூலை முதல் கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாகத் தரலாம்; முதல் ஆண்டின் உச்சவரம்பு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து 2.05 கோடி டாலர். 85 உதவித்தொகை என்ற பழைய வரம்பு போய், அணியில் 105 பேர் என்ற வரம்பு வந்தது. வெளியார் தரும் 600 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களைத் தனியே சரிபார்க்கிறார்கள்.

உச்சவரம்பு வந்ததால் குவாட்டர்பேக்குக்குக் கொடுப்பது லைனிலிருந்து எடுப்பதாகிவிட்டது. 2025 ஏப்ரலில் யாமலியாவா டென்னசியிலிருந்து யுசிஎல்ஏ போனார். அங்கிருந்த ஜோயி அகிலார் டென்னசி வந்தார். சீசன் முடிந்தபோது டென்னசியின் எறிதல் ஆட்டம் குலையவில்லை, யுசிஎல்ஏ 3-9. குவாட்டர்பேக் மட்டும் மாறினால் அணி மாறாது. அவரைச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

போர்ட்டலை மட்டும் நம்பி அணி கட்டலாமா?

கட்டலாம், ஆனால் ஒவ்வோர் ஆண்டும் முதலிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். ஃப்ளோரிடா ஸ்டேட் 2023-ல் ஜோர்டன் ட்ராவிஸ், கியான் கோல்மன், ஜாரட் வெர்ஸ் என்று வெளியிலிருந்து வந்தவர்களைத் தூணாக வைத்து 13-0 வரை போனது. அவர்கள் போனதும், 2024-ல் டிஜே உயாங்கலலே உள்ளிட்ட புதியவர்களோடு 2-10. கீழே வளர்ந்து வரும் பள்ளி வகுப்புகள் அந்த இடைவெளியை நிரப்பவில்லை.

நடைமுறையில் வேலை செய்வது கலவைதான். லைனையும் டிஃபென்ஸின் நடுப்பகுதியையும் பள்ளியிலிருந்தே வளர்க்க வேண்டும். அந்த உடல்கள் முதிர மூன்றாண்டு பிடிக்கும், நல்ல லைன் வீரர்கள் போர்ட்டலில் அரிது, விலையும் அதிகம். குவாட்டர்பேக், ரிசீவர், கார்னர்பேக் (எதிரணி ரிசீவரைத் தடுப்பவர்) ஆகிய இடங்களில் ஓட்டை விழுந்தால் போர்ட்டலில் அடைக்கலாம். ஆண்டுதோறும் ஒரு பள்ளிக் குவாட்டர்பேக்கைச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூவரில் இருவர் போய்விடுவார்கள் என்று தெரிந்தே சேர்க்க வேண்டும்.

காத்திருக்கும் குவாட்டர்பேக்குகள் இனி இருக்க மாட்டார்களா?

இருக்கிறார்கள், குறைவு. மேனிங் டெக்சஸில் ஈவர்ஸுக்குப் பின்னால் இரண்டு சீசன் நின்று 2025-ல்தான் முதல்வரானார். ஜூலியன் சாயின், சேபன் ஓய்வு பெற்றதும் 2024-ல் அலபாமாவிலிருந்து ஒஹாயோ ஸ்டேட் வந்து, ஹவர்டுக்குப் பின்னால் ஓர் ஆண்டு இருந்து, 2025-ல் தொடங்கினார். இருவருக்கும் பொதுவானது ஒன்று: முன்னால் நிற்பவர் எப்போது போவார் என்ற தேதி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் அணியின் இரண்டாமவர் தங்குவாரா என்று கணிக்க, முதல்வருக்கு இன்னும் எத்தனை ஆண்டு தகுதி மீதி என்று பாருங்கள். ஒன்று என்றால் தங்க வாய்ப்புண்டு. இரண்டு என்றால் அடுத்த ஜனவரியில் அவர் பெயர் போர்ட்டலில் இருக்கும் என்று எதிர்பார்த்து, மாற்று ஆளை இப்போதே தேடத் தொடங்குவது நல்லது.